தலை எண்ணும் கணக்கு

கிழமைதோறும் பிரிட்டனில் ஒரு பட்டியல் வெளியாகிறது. எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தனர் என்று கூறும் பட்டியல். பந்தயக் குதிரைகளின் முடிவைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்போர் உண்டு. யார் முந்தினார், யார் சறுக்கினார், யாருடைய வேலை போகும் என்று அதை வைத்தே ஆரூடம் கூறுவோரும் உண்டு. நம் நாட்டில் ‘டி.ஆர்.பி.’ என்று சொன்னால் சின்னத்திரை பார்க்கும் பாட்டிக்கும் விளங்குகிறதல்லவா, அதன் ஆங்கிலேயப் பங்காளிதான் இது.

2025 மார்ச்சில் அந்தப் பட்டியலின் உச்சியைக் கண்டு பலர் திகைத்தனர். முதலிடத்தில் பி.பி.சி. இல்லை; ஐ.டி.வி.யும் இல்லை. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு இணையத்தின் வழியே படம் காட்டும் நெட்ஃபிளிக்ஸ் இருந்தது! ‘அடலசன்ஸ்’ என்பது தொடரின் பெயர். உடன் படித்த சிறுமியைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுச் சிறுவன் கைதாவதைச் சொல்லும் கதை. அதன் முதற்பகுதியை அந்தக் கிழமையில் 64½ இலட்சம் பேர் பார்த்தனர். இணையவழி நிகழ்ச்சியொன்று பிரிட்டனின் கிழமைப் பட்டியலில் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை.

போதாதா? “பழைய தொலைக்காட்சி செத்தது! பி.பி.சி.க்கு வீட்டுக்கு வீடு உரிமக் கட்டணம் எதற்கு? மக்கள்தான் ஓடிவிட்டனரே!” என்ற கூச்சல் வலுத்தது. அந்தக் கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174 பவுண்டு 50 பென்ஸாக உயர்ந்தது. பி.பி.சி.யின் இப்போதைய அரச பட்டயத்தின் தவணை 2027 டிசம்பர் 31. அதன் பிறகு அந்தப் பொது நிறுவனம் எப்படிப் பிழைப்பது, யார் பணம் தருவது என்பதைத் தீர்மானிக்கும் பேச்சில், தராசுத் தட்டில் முதலில் வந்து விழுவது இந்தக் கணக்குத்தான். ஆகவே, இந்தக் கணக்கைப் போடுவது யார், எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணவில்லை என்று கேட்பது வீண் வேலை ஆகாது என்று கருதுகிறோம்.

பார்ப் என்பது எண்ணும் நிறுவனத்தின் பெயர். 1981-இல் ஏற்பட்டது. பி.பி.சி., ஐ.டி.வி., சேனல் 4, சேனல் 5, ஸ்கை ஆகிய ஒளிபரப்பாளரும், விளம்பரத் தொழில் நடத்துவோரின் சங்கமும் சேர்ந்து அதற்கு உரிமையாளர். நாடு முழுவதும் ஏறத்தாழ ஏழாயிரம் வீடுகளைப் பொறுக்கியெடுத்து, தொலைக்காட்சிப் பெட்டிகளில் கருவி பொருத்தியிருக்கிறார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொத்தான். பார்க்க உட்காரும்போது அழுத்தவேண்டும், எழுந்து போகும்போதும் அழுத்தவேண்டும். விருந்தாளி வந்து உட்கார்ந்தால் அவரையும் பதியவேண்டும்.

ஏழாயிரம் வீட்டைப் பார்த்து ஏழு கோடிப் பேரின் கதையைச் சொல்லலாமா என்று ஏளனம் செய்வோருடன் நாம் சேரமாட்டோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சோற்றைச் சரியாகக் கிளறிவிட்டு எடுத்தால் பதம் பொய்க்காது. ஆனால் ஒன்று: அந்த ஏழாயிரம் வீட்டில் இருக்கும் ஒருவர், வெளியே உள்ள நாலாயிரம் பேருக்குப் பிரதிநிதி. ஒரு கோடிப் பேர் பார்க்கும் நாடகத்துக்கு இந்த முறை போதும். இருபதாயிரம் பேர் பார்க்கும் சிறு அலைவரிசைக்கோ, அது ஐந்தே பேரின் விரல் விளையாட்டு! இந்தக் கிழமை இரு மடங்கு உயர்ந்தோம் என்று அத்தகைய அலைவரிசை மார்தட்டினால், எங்கோ ஐந்து பேர் வீட்டுக்கு ஐந்து விருந்தாளிகள் வந்தார்கள் என்றுகூடப் பொருள் கொள்ளலாம்.

இந்த ஒற்றைக் கணக்கு வருவதற்கு முன்பு நடந்த கூத்து இன்னும் சுவையானது. 1955 செப்டம்பர் 22-இல் விளம்பரப் பணத்தில் நடக்கும் ஐ.டி.வி. பிறந்தது. அதுவரை பி.பி.சி.க்குப் போட்டியே இல்லை. பிறந்ததும் இரண்டு கணக்குப்பிள்ளைகள் வந்துவிட்டனர். ஐ.டி.வி.யின் சார்பில் எண்ணியவர்கள் பெட்டியில் கருவியை மாட்டி, எந்தப் பெட்டி எந்த நிலையத்தைக் காட்டியது என்று குறித்தனர். பி.பி.சி.யோ ஆட்களை அனுப்பி, “நேற்று என்ன பார்த்தீர்கள்?” என்று மக்களைக் கேட்டது. ஒருவர் பெட்டியை எண்ணினார், மற்றவர் மனிதரை எண்ணினார். விடைகள் பொருந்தவில்லை. எப்படிப் பொருந்தும்? பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அடுப்பங்கரையில் இருப்பவர் கருவிக்குத் தெரியமாட்டார். கேட்கும்போது பார்த்ததை மறந்தவர் ஆட்களின் ஏட்டில் ஏறமாட்டார். அவரவர் தமக்குச் சாதகமான எண்ணை உயர்த்திப் பிடித்தனர். இருபத்தைந்து ஆண்டுகள் இந்த வழக்கு நீடித்தது!

அந்த நாளிலேயே அறிவார்ந்த ஒரு குரலும் எழுந்தது. ஒளிபரப்பை ஆராய அமர்த்தப்பட்ட பில்கிங்டன் குழு 1962-இல் அறிக்கை தந்தது. “மக்கள் விரும்புவதைத்தானே தருகிறோம்” என்று விளம்பர நிலையத்தார் சொன்ன சமாதானத்தை அக்குழு ஏற்க மறுத்தது. மக்கள் என்றால் ஒரே அச்சில் வார்த்த கூட்டம் என்று எண்ணிக்கொண்டு, அவர்கள் விருப்பம் தமக்கே தெரியும் என்று பேசுவது, மக்களை மதிப்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் அவர்களைத் தாழ்வாகக் கருதுவதே என்று எடுத்துக்காட்டியது. மூன்றாவது அலைவரிசை ஐ.டி.வி.யின் கைக்குப் போகாமல் பி.பி.சி.க்குக் கிடைத்தது. 1964 ஏப்ரலில் பி.பி.சி. 2 தொடங்கியது. எண்ணிக்கையில் தோற்றிருந்த பக்கம் வாதத்தில் வென்றது!

இனி, ‘சரிந்தது சரிந்தது’ என்கிறார்களே, அதைப் பார்ப்போம். சரிவு உண்மை. மறைக்க நாம் முயலவில்லை. 1986 கிறிஸ்துமஸ் நாளில் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் டென் என்பவன் மனைவி ஆஞ்சியிடம் மணமுறிவுத் தாளை நீட்டினான். அதைப் பார்த்தவர்கள் 3 கோடியே 1½ இலட்சம் பேர் என்று பதிவாகியிருக்கிறது. நாட்டில் பாதிப்பேருக்கு மேல்! யாரோ ஒருவன் குடும்பம் கலைந்ததைக் காண ஒரு தேசமே விருந்துச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்ததே, என்னே விந்தை! (மறு ஒளிபரப்பைப் பார்த்தவர்களையும் சேர்த்த எண் அது என்பதைப் பெருமை பேசுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.) அன்று இருந்த அலைவரிசைகள் எத்தனை? நான்கே நான்கு. நான்கு கடை உள்ள ஊரில் ஒரு கடையில் கூட்டம் நெரிவதற்கும், நானூறு கடை வந்தபின் கூட்டம் பிரிவதற்கும் காரணம் தேட ஆராய்ச்சிக்குழு தேவையா?

ஆஃப்காம் என்னும் ஒழுங்குமுறை ஆணையத்தின் புள்ளிகள் தெளிவாக இருக்கின்றன. 40 இலட்சம் பேருக்கு மேல் தொலைக்காட்சியில் பார்த்த நிகழ்ச்சிகள் 2014-இல் 2,490, 2022-இல் 1,184. கிழமைக்கு ஒரு முறையேனும் ஒளிபரப்பைப் பார்ப்போர் 2021-இல் நூற்றுக்கு 83 பேர்; அடுத்த ஆண்டே 79. பதினாறு முதல் இருபத்துநான்கு வயதுவரை உள்ளோரில் 2018-இல் நூற்றுக்கு 76 பேர் பார்த்தனர், 2023-இல் 48 பேர். இளைஞரில் பாதிக்குமேல் எழுந்து போய்விட்டனர்!

போனவர்கள் எங்கே போனார்கள்? சிலர் யூடியூபுக்கு. சிலரோ எங்கும் போகவில்லை, நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டனர். 2019 கிறிஸ்துமஸ் இரவு ‘கேவின் அண்டு ஸ்டேசி’யைப் பார்த்தவர்கள் 1 கோடியே 16 இலட்சம். ஏழு நாள் கழித்து எண்ணினால் 1 கோடியே 71 இலட்சம்! 2024 கிறிஸ்துமஸில் அதன் கடைசிப் பகுதி வந்தது. மறுநாள் காலைக் கணக்கு 1 கோடியே 23 இலட்சம் என்றது. ஒரு கிழமை போவதற்குள் 1 கோடியே 80 இலட்சத்தையும் தாண்டிவிட்டது. காலைக் கணக்கைக் காட்டிச் சாவு மேளம் அடிப்பவர்கள், கிழமைக் கணக்கு வரும்போது எங்கே இருந்தார்கள் என்று கேட்கிறோம். ‘அடலசன்ஸ்’ கதையும் இதில் அடக்கம். 64½ இலட்சம் என்ற எண்ணைக் கொண்டு முதலிடம் பிடித்ததே அது, 1986-இல் அந்த எண்ணோடு வந்திருந்தால் முதல் இடங்களின் பக்கமே வந்திருக்காது. வெற்றி பெற்றது யார் என்பதைவிட, பந்தயத்தின் தூரமே குறைந்துவிட்டது என்பதுதான் செய்தி.

இதையெல்லாம்விட நம்மை உலுக்கிய எடுத்துக்காட்டு வேறொன்று.

பிரிட்டனில் கிளை அஞ்சலகம் நடத்திவந்த சிறு மனிதர்கள் மீது திருட்டுப் பழி விழுந்தது. ‘ஹொரைசன்’ என்ற கணினி முறை தவறான கணக்குக் காட்டியது. அஞ்சல் நிறுவனம் கணினியை நம்பியது, மனிதனை நம்பவில்லை. 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரம் பேருக்குமேல் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். வீட்டை விற்றுப் பணம் கட்டியவர்கள் எத்தனையோ பேர். இது இரகசியமாக இருந்ததா? இல்லை. 2009-இலேயே ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்ற தொழில் ஏடு எழுதியது. 2015-இல் பி.பி.சி.யின் ‘பனோரமா’ அம்பலப்படுத்தியது. 2019-இல் உயர்நீதிமன்றம் கணினியின் குறையைத் தீர்ப்பிலேயே எழுதியது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. எஞ்சியவர்கள்? காத்திருந்தனர்.

2024 சனவரி 1 முதல் நான்கு இரவு, ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆஃபீஸ்’ என்ற நாடகத்தை ஐ.டி.வி. ஒளிபரப்பியது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். சனவரி 9-இல், அஞ்சல் நிறுவனத்தின் முன்னாள் தலைவி, பட்டத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். சனவரி 10-இல் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் எழுந்து, தண்டனைகளைச் சட்டத்தின் மூலமே நீக்குவோம் என்றார். மே மாதத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது! இருபது ஆண்டு எழுதியும் வாதாடியும் அசையாத பாறை, நான்கு இரவு நாடகத்தில் அசைந்தது. ஒரு கோடிப் பேர் ஒரே கிழமையில் ஒரே கதையைப் பார்த்து, மறுநாள் வேலையிடத்திலும் தெருமுனையிலும் அதையே பேசியதால் வந்த வலிமை அது. ஒருவர் இன்றும் ஒருவர் அடுத்த மாதமும் தனித்தனியே பார்த்திருந்தால் அமைச்சரவை இவ்வளவு விரைந்து எழுந்திருக்குமா என்பது ஐயமே.

அந்த நாடகத்தால் ஐ.டி.வி.க்கு எவ்வளவு இலாபம்? ஏறத்தாழ பத்து இலட்சம் பவுண்டு நட்டம்! நிலையத்தின் உயர் அலுவலர் ஒருவரே வெளிப்படையாகச் சொன்னார். வெளிநாட்டில் விலை போகவில்லையாம். பிரிட்டனின் அஞ்சலகக்காரன் துயரம் பிற நாட்டுச் சந்தைக்கு எதற்கு! ஆக, பார்வையாளர் பட்டியலில் வெற்றி, பணப் பேரேட்டில் தோல்வி, நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஒரு புதிய சட்டம். இந்த மூன்றில் எதைக் கிழமைப் பட்டியல் காட்டுகிறது? முதலாவதை மட்டும்.

பட்டியலைக் குறை சொல்லிப் பயனில்லை. விளம்பரத்துக்கு விலை பேச உதவும் அளவுகோல் அது. அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது. துணி அளக்கும் கோலைக் கொண்டு காய்ச்சலை அளக்கப் போவதுதான் பிழை. பி.பி.சி.யேகூட அந்தப் பிழையைச் செய்ததுண்டு. ‘டாக்டர் ஹூ’ தொடரை, ஐ.டி.வி.யின் ‘கொரொனேஷன் ஸ்ட்ரீட்’ ஓடும் நேரத்துக்கு எதிரே கொண்டுபோய் வைத்தனர், கூட்டம் குறைந்தது, 1989-இல் நிறுத்தினர். 2005 மார்ச்சில் நல்ல நேரம் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒரு கோடியே எட்டு இலட்சம் பேர் பார்த்தனர். சரக்கில் குறையா, கடை வைத்த சந்தில் குறையா?

இன்னொரு கேள்வியும் வரிசையில் நிற்கிறது. கூரைமேல் உள்ள ஆண்டெனா வழியே வரும் இலவச ஒளிபரப்புக்கு 2034 வரைதான் பிரிட்டன் அரசு உறுதி தந்திருக்கிறது. பிறகு எல்லாம் இணையத்தில் போகட்டும் என்ற யோசனை பலமாகப் பேசப்படுகிறது. இளைஞர் ஆண்டெனாவை விட்டுப் போய்விட்டனர் என்று கணக்கு காட்டுவர். சரி. அதே கணக்கில், இன்னும் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? முதியவர்கள், தனியே வாழ்வோர், மாதந்தோறும் இணையத்துக்குப் பணம் கட்ட இயலாதோர். அவர்கள் எண்ணிக்கை குறைகிறது என்பதற்காக அவர்கள் தேவை குறைந்துவிடுமா? 1953 ஜூன் 2-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை 2 கோடியே 4 இலட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தனர். அவர்களில் பெரும் பகுதியினருக்குச் சொந்தப் பெட்டி கிடையாது. அண்டை வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தனர். 2034-க்குப் பிறகு இணையம் இல்லாத வீட்டு மூதாட்டி எந்த அண்டை வீட்டுக்குப் போவார் என்பதற்கு, பட்டயத்தைப் புதுப்பிக்கும் பேச்சிலேயே அமைச்சர்கள் விடை சொல்லட்டும்.