தோற்றுக்கொண்டிருக்கும் பையனுக்கு என்ன விலை?

1987 ஆகஸ்ட் 12. டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணிக்கு அவசரமாக ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், வேண்டியிருந்தது. முதலிடத்துக்கு டொரொன்டோவோடு மல்லுக்கட்டு. சீசன் முடிய ஏழெட்டு வாரம்தான் பாக்கி. அட்லாண்டாவிடம் டாயில் அலெக்ஸாண்டர் இருந்தார், வயது 36. அவருக்கு ஈடாக டெட்ராய்ட் கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை. மிச்சிகனில் பிறந்து, டைகர்ஸ் மீது பைத்தியமாக வளர்ந்தவர். ஆனால் அந்த வருஷம் மைனர் லீகின் டபுள்-ஏ நிலையில் 4 வெற்றி, 10 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.68 ஓட்டங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அலெக்ஸாண்டர் வந்தார், ஒன்பது வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. டெட்ராய்ட் டொரொன்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்திப் பிரிவுப் பட்டத்தை வென்றது. பிளேஆஃபில் மினசோட்டாவிடம் அதே அலெக்ஸாண்டர் தான் தொடங்கிய இரண்டு ஆட்டங்களையும் தோற்றார். டைகர்ஸ் அடுத்த பிளேஆஃபைப் பார்த்தது 2006-இல். ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றி, முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்த 154 சேவ், சிறந்த பிட்சருக்கான 1996-இன் சை யங் விருது என்று போய், 2015-இல் ஹால் ஆஃப் ஃபேமில் அமர்ந்தார்.

பேஸ்பாலின் மோசமான டிரேடுகளை அடுக்குபவர்கள் இதை விடுவதே இல்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. அலெக்ஸாண்டரின் ஒன்பது வெற்றியைக் கழித்தால் 1987 பட்டம் எங்கே? அந்த அக்டோபர் பிளேஆஃபுக்காகத்தான் ஓர் அணி பையன்களைச் சேர்த்து வளர்க்கிறது. என் புகாரெல்லாம் பின்னாளில் இதைப் படிப்பவர்கள் மேல்தான். 4-10 என்ற கணக்கைப் பார்த்து டெட்ராய்ட் ஏமாந்துவிட்டது, அட்லாண்டா மட்டும் உள்ளே இருந்த மேதையைக் கண்டுகொண்டது என்று கதை சொல்கிறார்கள். அட்லாண்டாவுக்குப் போன மறு வருஷம், மேஜர் லீகில் முதல் முறையாக இறங்கியபோதும் ஸ்மோல்ட்ஸ் 2-7 தான், சராசரி 5.48. 1991-இல் பாதி சீசன் முடிந்தபோது 2-11. உளவியலாளர் ஒருவரின் உதவியை நாடினார். மீதிப் பாதியில் 12-2. அந்த வருஷ உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், சிறுவயதில் தான் கொண்டாடிய ஜாக் மோரிஸுக்கு எதிராக நின்று ஏழு இன்னிங்ஸுக்கு மேல் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. அட்லாண்டாவின் திறமை கண்டுபிடித்ததில் இல்லை, இடைப்பட்ட நாலு வருஷம் அவரை விற்காமல் இருந்ததில் இருக்கிறது.

விற்காமல் இருக்க ஒரு பணக் காரணமும் உண்டு. மேஜர் லீகில் ஒரு வீரர் ஆறு வருஷ சர்வீஸ் முடிக்கும்வரை வேறு அணியைத் தேடிப் போக முடியாது. அதிலும் முதல் மூன்று வருஷம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 20 வயதுக்காரர் தடுமாறினால் அணிக்கு அதிகம் நஷ்டமில்லை. தேறிவிட்டால் கொள்ளை லாபம். டிரேடில் இளம் வீரர்களுக்குக் கிடைக்கும் விலை முக்கால்வாசி இந்த மலிவான வருஷங்களுக்கான விலை.

ஆரம்பக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? மைக் ட்ரவுட் 2011-இல் 19 வயதில் வந்து 40 ஆட்டங்களில் பேட்டிங் சராசரி .220 தான், மறு வருஷம் .326. பிட்சர் ராய் ஹாலடே 2000-இல் சராசரியாக 10.64 ஓட்டம் கொடுத்தார். டொரொன்டோ அவரைத் தூக்கி மைனர் லீகின் சிங்கிள்-ஏ நிலைக்கு அனுப்பியது. அங்கே கை பந்தை விடும் கோணத்தையே மாற்றிக்கொண்டு வந்து, 2003-இல் சை யங் வாங்கினார். நான் முதலில் பார்ப்பது வயதை: தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்களோடு மோதித் தோற்பவருக்குச் சலுகை உண்டு. பிட்சர் என்றால் அடுத்தது பந்தின் வேகம். அது இருக்கும்வரை மற்றதைச் சொல்லித்தரலாம்.

ஆனால் இந்தப் பொறுமை உபதேசத்துக்கும் அடி விழுந்திருக்கிறது. பேட்டர் ஜாரெட் கெலனிக் 2018-இன் புதுமுக டிராஃப்டில் ஆறாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதே வருஷ டிசம்பரில், 57 சேவ் எடுத்திருந்த எட்வின் டியாஸை சியாட்டிலிடமிருந்து வாங்க நியூயார்க் மெட்ஸ் கொடுத்த பெரிய சரக்கு இவர்தான். சியாட்டிலில் 2021-இல் .181, 2022-இல் .141. வயது, பெயர், உடல்வாகு எல்லாம் இருந்தன, காத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் அவரைத் தள்ளிவிட்டபோது, கூடவே வேறு இருவரின் பெரிய சம்பளச் சுமையையும் வாங்குபவர் தலையில் கட்டினார்கள். திரும்பக் கிடைத்தது இரண்டு பிட்சர்கள். ஐந்து வருஷத்தில் விலை அப்படி இறங்கியது.

வாங்கிய அணி எது தெரியுமா? ஸ்மோல்ட்ஸுக்காகக் காத்திருந்த அதே அட்லாண்டா. இந்த முறை அவர்களுக்கும் பலிக்கவில்லை. 2025 ஏப்ரலில் கெலனிக்கை மைனர் லீகுக்கு அனுப்பிவிட்டார்கள்.