கீசர் வால்வுக்கு டம்மி போடும் அறிவாளிகளுக்கு



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு மருமகள் கேட்டிருந்தாள்: "கீசர் போட்டா அடியில இருக்கிற வால்வுல தண்ணி சொட்டுது, என்ன பண்றது?" ஐந்து நிமிடத்தில் பதில்: "பிளம்பர்கிட்ட சொல்லி ஒரு டம்மி போட்டு அடைச்சிடு. எங்க வீட்ல அப்படித்தான்." அதற்குப் பதினோரு கட்டைவிரல்! அவற்றில் நான்கு, என்னிடம் இயற்பியல் படித்தவர்களுடையவை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சூடானால் நீர் விரியும். 25 லிட்டர் தொட்டியை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய 400 மில்லி கூடுகிறது. வந்த வழியே திரும்ப முடியாதபடி வால்வில் தடுப்பு உண்டு. அப்படியானால் அந்த 400 மில்லி எங்கே போகும்? அதுதான் சொட்டுகிறது. சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது பழுதே இல்லை. ஒரு சின்ன டியூப் மாட்டித் தரைப்பக்கம் விடுங்கள், நுனி திறந்தே இருக்கட்டும். இரவு பகலாகச் சொட்டினால் வால்வில் உப்பு பிடித்திருக்கும், அல்லது பிரஷர் பம்பின் அழுத்தம் அதிகம். வால்வை மாற்றுங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். சில நூறு ரூபாய் வேலை.

தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொள்ளலாம். கட்-அவுட்டும் கைவிடலாம். அன்றைக்கு இருப்பது இந்த வால்வுதான். அடைபட்ட தொட்டியில் 100 டிகிரியைத் தாண்டிய நீர், தொட்டி பிளந்த கணத்தில் ஆவியாகச் சீறும். விசில் தொல்லை என்று குக்கர் வெயிட்டுக்கு யாராவது வெல்டிங் வைப்பார்களா?

"கீசர் போட்டா டிரிப் ஆகுது" என்பதற்கும் நம் ஆட்களிடம் இதே வைத்தியம்தான். எலக்ட்ரீஷியன் ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து 'டைரக்ட்' கொடுத்துவிட்டுப் போகிறார், நாம் டீ கொடுத்து அனுப்புகிறோம். போர் தண்ணீர் உப்பு காயில் மேல் ஓடாகப் படிகிறது. காயில் அளவுமீறிக் காய்ந்து, உறை விரிசல் விட்டு, மின்சாரம் தண்ணீரில் கசிகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கத்தான் அந்தக் கருவியை வைத்திருக்கிறது. அது உயிரைக் காப்பாற்றிய அன்றைக்கே அதைக் கழற்றி எறிகிறோம்! மாற்ற வேண்டியது காயிலை.

குழாயைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று ரப்பர் செருப்போடு குளிக்கும் மாமாக்களே, பிளக்கின் பெரிய பின் அழகுக்கு இல்லை. எர்த் இல்லாத வீட்டில் கீசரே வேண்டாம், அடுப்பில் வெந்நீர் வையுங்கள்.

பிளம்பரைத் திட்டிப் பயனில்லை. "எப்படியாவது நிறுத்திக் கொடுப்பா" என்று கேட்பது நாம்தானே?

ஏற்கெனவே டம்மி போட்டவர்கள் இன்றே சுவிட்சை அணையுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, நன்றாக ஆறிய பிறகு ஆளை விட்டுக் கழற்றுங்கள். சூட்டோடு யாரும் ஸ்பேனர் வைக்க வேண்டாம்.