குழாய்த் தண்ணீரும் கோமான்களின் மறுப்பும்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரம் மலைமேட்டிலும் காமராஜர் நகரிலும் வாந்தியும் பேதியும் கண்டு 30-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிலர் பிணமாகத் திரும்பினார்கள். குடிதண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்று ஜனங்கள் கதறினார்கள். மேலிடத்துப் பதில் என்ன? தண்ணீரில் குற்றமில்லையாம், தின்ற உணவைப் பார்க்க வேண்டுமாம்!

தோழர்களே, இந்தப் பதில் புதிதல்ல. இதற்கு வயது 170.

1854-ல் லண்டனில் காலரா வாரிக்கொண்டு போயிற்று. கெட்ட காற்றே காரணம் என்றார்கள் பெரிய டாக்டர்கள். நிலக்கரிக் கிடங்குத் தொழிலாளியின் மகனான டாக்டர் ஜான் ஸ்நோ அதை ஏற்கவில்லை. எந்தக் கம்பெனித் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். சாக்கடை கலந்த தேம்ஸ் நீரை விற்ற கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 315 சாவு; ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நீர் எடுத்த கம்பெனிக்கு 37. ஒரே தெரு, ஒரே காற்று! தண்ணீர்தான் வேறு. ஆயினும் அதிகாரிகள் மசியவில்லை. ஸ்நோ 1858-ல் மாண்டார்.

1884-ல் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, ஏழைகள் குளித்துக் குடித்த குளத்திலேயே கிருமியைக் கண்டு காட்டினார். வெள்ளை சர்க்காரின் சுகாதாரக் கமிஷனர் கன்னிங்ஹாம், காலரா தொற்றுநோயே அல்ல என்று சாதித்தவர். காக்கை மறுப்பதற்கென்றே லண்டனிலிருந்து ஒரு குழு வந்தது. ஏன் இந்தப் பிடிவாதம்? தொற்று என்று ஒப்புக்கொண்டால் சூயஸ் கால்வாயில் இந்தியக் கப்பல்களை நிறுத்தி வைப்பார்கள், வியாபாரம் படுக்கும். இந்தியர் செத்தால் எந்தக் கப்பல் நின்றது?

1959-ல் கல்கத்தாவின் டாக்டர் சம்புநாத் டே, கிருமி கக்கும் நஞ்சே குடலிலிருந்து நீரைக் கொட்டச் செய்கிறது என்று நிரூபித்தார். 1992-ல் புதுவகைக் காலராக் கிருமி ஒன்று முதலில் அகப்பட்டது நமது சென்னையில்தான். ஆக, காரணம் தெரியாது என்று இன்று எவரும் கைவிரிக்க முடியாது.

நமது புறநகரில் குழாய்த் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. நீர் நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தமில்லை. விரிசல் இருந்தால், பக்கத்துச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படுகிறது. அடுத்த முறை திறந்ததும் முதல் குடம் யாருடையது? பள்ளத்தில் குடியிருக்கும் கூலிக்காரன் வீட்டுக் குடம்! மாடி வீட்டுக்காரர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வார்.

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியது போதும்; குழாயை மாற்றட்டும். எந்தத் தெருவில், எந்தத் தேதியில் தண்ணீரைச் சோதித்தார்கள், குளோரின் எவ்வளவு இருந்தது என்று எழுதி, அந்தத் தெருமுனையிலேயே ஒட்டட்டும்.