நகரும் நகரத்தின் வடம் யார் கையில்?

அறிவியல் புனைகதையில் வரும் நகரும் நகரங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே தமிழ்ச்சூழலில் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘இது மேலைநாட்டுச் சரக்கு; மண்ணில் ஊன்றிய நம் ஊர்களுக்கு இதில் என்ன வேலை?’ என்பது ஒன்று. ‘திரிபுரமும் தூங்கெயிலும் அன்றே பறந்தனவே, எல்லாம் நம்மிடம் இருந்ததுதான்’ என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதற்குரல் தன் இலக்கியத்தையே படிக்கவில்லை. வானில் தொங்கிய கோட்டையை அழித்த சோழனைப் புறநானூறும் சிலப்பதிகாரமும் பேசுகின்றன. இரண்டாம் குரலோ தொன்மத்தைக் காப்புரிமைப் பத்திரமாக வாசிக்கிறது. முன்னோர் கற்பனை செய்தார்கள் என்பது பெருமைதான். கட்டினார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

நகரும் நகரத்தை எழுதிய நல்ல ஆசிரியர்கள் எந்திரத்தைக் காட்டி வியக்கவைப்பதோடு நின்றுவிடவில்லை. கிறிஸ்டோபர் பிரீஸ்டின் ‘இன்வெர்ட்டட் வேர்ல்டு’ (1974) நாவலில் நகரம் தண்டவாளத்தின் மேல் இழுக்கப்படுகிறது. பின்னால் பெயர்த்த தண்டவாளத்தை முன்னால் பதிக்கச் சுற்றுப்புறத்து ஏழைகள் கூலிக்கு அமர்த்தப்படுகிறார்கள். நகரம் நகர்கிறது என்பதே உள்ளே வாழ்வோரில் பெரும்பாலோர்க்குத் தெரியாது. பிலிப் ரீவின் ‘மார்ட்டல் என்ஜின்ஸ்’ (2001) காட்டும் லண்டனோ சிற்றூர்களைத் துரத்தி விழுங்குகிறது. இழுப்பவர் யார், மேலே அமர்ந்திருப்பவர் யார், விழுங்கப்படுபவர் யார் என்பவையே இவற்றின் கேள்விகள்.

இக்கேள்விகள் சுசீந்திரத்துக்கு அந்நியமானவையா? சக்கரத்தின் மேல் ஏற்றிய கோயிலே தேர். மார்கழித் திருவிழாவில் அது வலம்வரும் வீதிகளை எண்ணிப் பாருங்கள். தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமைக்காகவே 1926இல் இங்கே சத்தியாகிரகம் நிகழ்ந்தது. கோயிற்கதவு திறக்க 1936ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேர் ஓட வீதி இருந்தது. மனிதர் நடக்க வீதி இல்லை. நகரும் நகரத்தைப் பற்றி எழுத இதைக் காட்டிலும் பொருத்தமான கரு வேறென்ன வேண்டும்?

இன்றும் நகரங்கள் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. சென்னை தன் ஆற்றங்கரைக் குடிசைவாசிகளைப் பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கிவைத்தது. நாஞ்சில் நாட்டில் வயல்கள் மனைகளாகின்றன; நகரம் சக்கரமின்றியே ஊர்ந்து வருகிறது. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நல்லதுதான், ஆனால் பட்டியல் தானே வேலியாகிவிடாது.

நம் எழுத்தாளர்களிடம் நாம் கேட்பது இதுதான். பறக்கும் கோட்டையின் உயரத்தை அளந்தது போதும். வடம் பிடித்துக் காய்த்த கைகளையும், வீதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும், வயல் இருந்த இடத்தில் இன்று கல் நடுபவர்களையும் எழுதுங்கள். அப்போது அந்த நகரம் மேலைநாட்டுடையதா நம்முடையதா என்று எவரும் கேட்கமாட்டார்கள்.