பிறவாதவனுக்கு ஒரு மரண அறிவித்தல்

காலைப் பத்திரிகை கைக்கு வந்ததும் மரண அறிவித்தல் பகுதியையே முதலில் நோக்கும் பெரியவர்கள் நம்மவருள் பலர் உளர். உற்றார் எவரேனும் காலமானாரோ, ஊரவர் எவர் இல்லத்திலேனும் துக்கமோ என அறிந்து, செய்ய வேண்டிய கடமையைச் செய்தற்கே அவர்கள் அவ்வாறு நோக்குகின்றனர். பத்திரிகையின் பிற பகுதிகளில் வரும் செய்தியை நாம் ஐயுறுவதுண்டு. அரசியல்வாதியின் வாக்குறுதியை ஐயுறுவோம், விளம்பரத்தின் புகழுரையை ஐயுறுவோம். ஆனால் சாவுச் செய்தியை ஐயுறுவார் இல்லை. அதில் பொய் சொல்லும் துணிவு எவருக்கும் வாராது என்பது உலகத்தவரின் பொதுவான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையையே ஒரு போர்க் கருவியாக்கிக் கொண்ட வரலாறு ஒன்று உண்டு. இரண்டாவது உலக மகாயுத்தம் உக்கிரமாக நடந்த 1942ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் ‘லிவர்பூல் டெய்லி போஸ்ட்’ பத்திரிகையில் வில்லியம் ஜெர்பர்ஸ் என்பவரின் மரண அறிவித்தல் வெளியாயிற்று. நெடுநாள் நோயுற்றிருந்து அவர் காலமானார் என்று அது கூறிற்று. அந்தப் பத்திரிகை நறுக்கு மட்ரிட் நகரிலிருந்த ஜேர்மானிய ஒற்றர் நிலையத்துக்குச் சென்றது. அவர்கள் வருந்தினர், விதவைக்கு அநுதாபமும் தெரிவித்தனர். பின்னர் அவளுக்கு உதவிப் பணம் கொடுக்கவும் இசைந்தனர்.

வில்லியம் ஜெர்பர்ஸ் நோயுறவுமில்லை, இறக்கவுமில்லை. ஏனெனில் அவர் பிறக்கவேயில்லை. இறந்தவரைப் போலவே அழுத விதவையும் கற்பனையே. இருவரையும் படைத்த பிரமன், ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரில் 1912ஆம் ஆண்டு பிறந்த ஹுவான் புஜோல் கார்சியா என்பவன்.

புஜோல் பிறவியிலே ஒற்றன் அல்லன். கோழிப் பண்ணை நடத்தியவன். விடுதி ஒன்றை மேற்பார்த்தவன். 1936 தொடக்கம் 1939 வரை தன் தாயகத்தில் நடந்த உள்நாட்டுப் போரின் கொடுமைகளைக் கண்டு, சர்வாதிகாரம் எந்த நிறத்தில் வரினும் அதனை வெறுக்கக் கற்றவன். ஹிட்லரின் படை ஐரோப்பாவை விழுங்கிய வேளையில், 1941ஆம் ஆண்டு மட்ரிட்டிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தை அணுகித் தன்னைப் பயன்படுத்துமாறு வேண்டினான். முன்பின் அறியாத அவனை அவர்கள் ஏற்கவில்லை. ‘முன்வாசல் அடைத்திருந்தால் பின்வாசலால் நுழைவேன்’ என்பவனைப் போல் அவன் ஜேர்மானியரிடம் சென்றான். தான் தீவிர நாசி எனக் கூறி, லண்டன் சென்று அவர்களுக்காக வேவு பார்ப்பதாக வாக்களித்தான். அவர்கள் அவனுக்குப் பயிற்சியும், மறைமையும், பணமும் தந்து அனுப்பினர்.

அவனோ லண்டன் செல்லவில்லை. போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில் தங்கி, சுற்றுலாக் கைந்நூல் ஒன்றையும் தேசப்படத்தையும் பொது நூல்நிலையத்துப் பத்திரிகைகளையும் துணைக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து எழுதுவது போலவே அறிக்கைகள் எழுதலானான். இங்கிலாந்து மண்ணை அவன் கண்ணாலும் கண்டதில்லை. கிளாஸ்கோ நகரில் ஒரு லீற்றர் வைனுக்காக எதையும் செய்யும் ஆட்கள் உளர் என்று எழுதிவிட்டான். அந்நகரத்தார் விரும்பிப் பருகும் பானம் வேறு என்பது அவனுக்குத் தெரியாது! பவுண், சிலிங், பென்சு என்ற கணக்கும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆயினும் ஜேர்மானியர் நம்பினர். அவனுக்குக் கீழே உப ஒற்றர்கள் சிலர் வேலை செய்கின்றனர் என்பதையும் நம்பினர். அவர்களுள் ஒருவரே லிவர்பூலில் வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஜெர்பர்ஸ்.

இறுதியில் பிரித்தானியர் அவன் மதிப்பை உணர்ந்தனர். 1942 ஏப்பிரிலில் அவனை லண்டனுக்கு அழைத்து வந்து, ஸ்பானிய மொழி அறிந்த தோமஸ் ஹரிஸ் என்னும் அலுவலரை அவனுக்குத் துணையாக்கினர். உலகின் தலைசிறந்த நடிகன் என்ற கருத்தில், திரைப்பட நட்சத்திரம் கிரேட்டா கார்போவின் பெயரால் அவனுக்குக் ‘கார்போ’ எனச் சங்கேதப் பெயர் சூட்டினர். இருவரும் சேர்ந்து இல்லாத மனிதரைப் படைக்கும் தொழிலைத் தொடர்ந்தனர். அவ்வாறு படைக்கப்பட்டோர் தொகை இருபத்தேழு வரை சென்றது.

இவருள் ஒருவர் நம் நாட்டுடனும் தொடர்புடையவர் என்பதை வாசகர் அறிந்தால் வியப்புறுவர். பிரித்தானியப் பெண்கள் கடற்படைச் சேவையைச் சேர்ந்த தெரேசா ஜார்டின் என்ற கற்பனை மங்கை, 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கு மாற்றம் பெற்று வந்ததாக எழுதப்பட்டது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் அவ்வாண்டிலேதான் பேராதனைக்கு வந்தது. பேராதனை உண்மை, மவுண்ட்பேட்டன் உண்மை, தெரேசா மட்டும் பொய். பொய்யை உண்மையின் நடுவே நட்டு வளர்ப்பதே கார்போவின் கலை.

இனி ஜெர்பர்ஸ் ஏன் இறக்க வேண்டியிருந்தது என்பதைக் காண்போம். 1942ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வட ஆபிரிக்காவில் இறங்குவதற்கான பெரும்படை கிளைட் ஆற்றிலும் லிவர்பூலிலும் கப்பலேறத் தொடங்கிற்று. அத்தனை கப்பல்கள் திரண்டு புறப்படுவதைத் துறைமுகத்தில் வாழும் ஒற்றன் காணாதிருத்தல் கூடுமோ? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல் இயலுமோ? ஜெர்பர்ஸ் உண்மையை எழுதினால் ஆயிரக்கணக்கான போர்வீரர் கடலில் மாள்வர். எழுதாதுவிட்டால், பின்னர் உண்மை வெளிப்படும்போது அவரும் அவரை நியமித்த கார்போவும் பொய்யர் என்பது துலங்கும். இரண்டுக்கும் இடையே ஒரேயொரு வழியிருந்தது. ஜெர்பர்ஸ் நோயில் வீழ்ந்தார், பின்னர் மாண்டார். படைகள் நவம்பர் 8ஆம் திகதி மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் பத்திரமாக இறங்கின.

அதே வேளையில் மற்றொரு தந்திரமும் கையாளப்பட்டது. கிளைட் ஆற்றங்கரை ஒற்றன் கப்பற்படை புறப்பட்டதை உண்மையாகவே அறிவித்தான். படை இறங்குவதற்கு முந்திய நாளைக் காட்டும் தபால் முத்திரையும் அக்கடிதத்தில் இருந்தது. ஆனால் அது உரிய காலம் கடந்த பின்னரே சென்று சேருமாறு தாமதப்படுத்தப்பட்டது. ‘செய்தி மிக நன்று, பிந்தி வந்ததே குறை’ என்ற கருத்தில் ஜேர்மானியர் பாராட்டி எழுதினர். தபாலைக் குறை கூறினரேயன்றி ஒற்றனைக் குறை கூறவில்லை.

இவ்வளவு தூரம் அவர்கள் ஏமாறியது எதனால்? இங்கேதான் நம் திருவள்ளுவரை நினைக்க வேண்டியிருக்கிறது. ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்த அப்பெரியார், ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க என்றார். மூவர் சொல் ஒத்திருந்தால் நம்புக என்றும் கூறினார். ஆனால் அதற்கு முன் ஒரு நிபந்தனையும் வைத்தார்: ஒற்றரை ஒருவரை ஒருவர் அறியாதவாறு ஆளுதல் வேண்டும். ஜேர்மானியர் மூவர் சொல் ஒத்ததைக் கண்டனர். பதின்மர் சொல் ஒத்ததையும் கண்டனர். அத்தனை பேரும் ஒரே மேசையிலே, ஒரே மையிலே பிறந்தவர்கள் என்பதைக் காணவில்லை. பல வாய்கள் பேசியதாக எண்ணினர். பேசியதோ ஒரே வாய்.

ஜெர்பர்ஸின் ‘மரணம்’ காத்துக் கொடுத்த நம்பிக்கை, ஈராண்டுகளின் பின் மாபெரும் பலனைத் தந்தது. 1944 ஜூன் 6ஆம் திகதி நேசப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கின. அன்று விடியுமுன் மூன்று மணியளவில் இதனைக் கார்போ அறிவிப்பதற்கு அநுமதியளிக்கப்பட்டது. அவ்வளவு பிந்திய செய்தியால் ஜேர்மானியர் பெறத்தக்க பயன் யாதுமில்லை, ஒற்றனின் பெருமை மட்டும் உயரும் என்பது எண்ணம். ஆனால் மட்ரிட்டில் அந்நேரம் செவிமடுப்பார் இல்லை! காலையிலே விழித்து விடையளித்தவர்களைக் கார்போ உண்மை ஊழியனுக்குரிய கோபத்தோடு கடிந்துகொண்டான்.

ஜூன் 9ஆம் திகதி அவன் அனுப்பிய நீண்ட செய்தியே அவன் வாழ்வின் முடிமணி. நோர்மண்டித் தாக்குதல் வெறும் போக்குக்காட்டு. உண்மைத் தாக்குதல் கலே நீரிணைப் பகுதியில் வரவிருக்கிறது. ஆதலால் அங்குள்ள படைகளை அசைக்காதீர் என்பது அதன் சாரம். அச்செய்தி ஹிட்லரின் தலைமையகம் வரை சென்றது. வாராத அந்தத் தாக்குதலை எதிர்நோக்கிப் பெரும் ஜேர்மானியப் படையணிகள் வாரக் கணக்கில் கலேயிலே காத்துக் கிடந்தன. அதன்பின்னரும் கார்போவின் மீது ஐயம் எழவில்லை. 1944 ஜூலையில் ஜேர்மனி அவனுக்கு இரும்புச் சிலுவை விருதை அறிவித்தது. அவ்வாண்டு முடியுமுன் பிரித்தானியாவும் தன் விருதை அளித்தது. ஒரே போரில் இரு தரப்பாரிடமும் விருது பெற்றோர் மிக அரியர்.

கதை இங்கே முடிந்திருக்குமாயின் சாதுரியத்தை மெச்சிவிட்டு நாம் அப்பால் சென்றிருக்கலாம். ஆனால் பொய் என்பது வேலைக்கு வைத்தவன் போகச் சொன்னதும் போய்விடும் பணியாள் அன்று.

புஜோலின் மனைவி அராசெலி, தொடக்கத்திலேயே அவனுக்குத் துணைநின்றவள். சிறு பிள்ளைகளோடு அந்நிய நாட்டில் அடைபட்டு, மொழியும் உறவும் இன்றித் தாயகத்தை நினைந்து ஏங்கினாள். 1943 ஜூனில், தன்னைத் தாயகம் செல்ல விடாவிடின் ஸ்பானியத் தூதரகத்துக்குச் சென்று யாவையும் சொல்லிவிடுவேன் என்றாள். அவளை அடக்கக் கையாளப்பட்டதும் ஒரு நாடகமே. அவளால் கணவன் சிறைப்பட்டான் என்று அவளுக்கு அறிவிக்கப்பட்டது. கண்களைக் கட்டி ஒரு தடுப்பு முகாமுக்கு அழைத்துச் சென்று, கைதியின் உடையில் அவனைக் காட்டினர். அவள் கதறிப் பணிந்தாள். இத்திட்டத்தை வகுத்தவன் வேறெவனும் அல்லன், அவள் கணவனே. பகைவருக்கென்று தீட்டிய கத்தி, முதலில் வீட்டுக்குள்ளேயே வெட்டிற்று.

யுத்தம் முடிந்தபின், எஞ்சிய நாசிகள் பழிவாங்குவர் என்று புஜோல் அஞ்சினான். ஒருகால் ஜெர்பர்ஸுக்கு அளித்த முடிவையே இப்போது தனக்கும் அளித்துக்கொண்டான். 1949ஆம் ஆண்டில், ஆபிரிக்காவின் அங்கோலாவிலே அவன் மலேரியாவினால் இறந்தான் என்ற செய்தி பரவிற்று. உண்மையில் அவன் வெனிசுவேலாவிலே புத்தகக் கடையும் பரிசுப் பொருட் கடையும் நடத்தி வாழ்ந்தான். நைஜல் வெஸ்ட் என்னும் எழுத்தாளர் தேடிக் கண்டுபிடித்து, 1984ஆம் ஆண்டில் அவனை உலகத்தின் முன் கொணர்ந்தார். நோர்மண்டிக் கரையில் அவன் நின்றபோது வயது எழுபத்திரண்டு. தந்தையை இழந்தோம் என்று முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஸ்பானியப் பிள்ளைகள், உயிருடன் அவனைக் கண்டது அப்போதுதான். 1988ஆம் ஆண்டு அவன் கராகாசில் மெய்யாகவே மரணமானான்.

மகாபாரதம் அறிந்த நம்மவருக்கு இங்கே துரோணர் நினைவுக்கு வருதல் இயல்பு. அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்றுவிட்டு, ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று பாண்டவர் முழங்கினர். மகன் இறந்தான் என நம்பிய ஆசான் படைக்கலம் துறந்தார். போர் வென்றது, ஆனால் நிலத்தைத் தொடாது ஓடிய தருமனின் தேர் அன்று மண்ணைத் தொட்டது. அப்பொய்யால் வெற்றி கிடைத்ததை நம் முன்னோர் மறைக்கவில்லை. தேர் இறங்கியதையும் மறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னதே அவர்களின் நேர்மை.

கார்போவையும் அவ்வாறே எடைபோடுதல் தகும் என்பது நம் கருத்து. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் கூறினாரல்லவா? கப்பலில் சென்ற இளைஞர்கள் உயிர் தப்பியது நன்மை; அதை மறுப்பார் இல்லை. எனினும், அந்த நன்மை குற்றம் எதுவும் அற்றதோ என்ற வினாவுக்கு, முகாமில் கதறிய மனைவியையும் முப்பத்தைந்து ஆண்டு தந்தையின்றி வளர்ந்த பிள்ளைகளையும் கேட்டன்றோ விடை கூறல் வேண்டும்!

மாணவ வாசகருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒற்றராகப் போவதில்லை. ஆனால் நாள்தோறும் செய்தி கேட்போராக வாழப் போகிறீர்கள். ஒரே சேதியைப் பத்துப் பேர் சொல்லக் கேட்டால், பத்துச் சான்று கிடைத்ததென்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்தப் பதின்மரும் அதனை எங்கே பெற்றனர் என்று கேளுங்கள். பத்து ஆறுகளும் ஓர் ஊற்றிலிருந்தே வருமாயின், அது ஒரே நீர்தான். இந்தக் கேள்வியை மட்ரிட்டில் ஒருவர் கேட்டிருந்தால், ஜெர்பர்ஸின் விதவைக்கு ஒரு செப்புக் காசும் கிடைத்திராது.