சூல் யானையும் புகையிரதமும்

அமிர்தகழி மாமாங்கப் பிள்ளையாரின் ஆடியமாவாசைத் தீர்த்தத்துக்குக் கொழும்பிலிருந்து வரும் அன்பர்களுட் பலர் புகையிரதத்திலேயே வருகின்றனர். ஆனைமுகனைத் தரிசிக்க அவர்கள் வரும் அதே பாதையில் ஆனைகள் மோதுண்டு மடிகின்றன. 2018 இல் ஹபரணைப் பகுதியில் சூல்கொண்ட யானையொன்றும் இரு கன்றுகளும் மாண்டன. 2025 பெப்ரவரி 20 ஆந் திகதி, மட்டக்களப்புக்கும் கொழும்புக்குமிடையே ஓடும் புகையிரதம் மின்னேரியாவுக்கருகே யானைக் கூட்டமொன்றில் மோதியது. ஆறு யானைகளேனும் இறந்தன. அவற்றுட் கன்றுகளும் இருந்தன.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தனவே, ஆறு போனாலென்ன என்று கேட்போர் உளர். இத்தகையோர் இந்தியப் புலியையும் சான்றுக்கு அழைப்பர். 2006 இல் 1,411 என மதிப்பிடப்பட்ட புலிகள் 2022 இல் 3,682 ஆகவில்லையா என்பர். எண்ணும் முறை திருந்தியதும் அதற்கொரு காரணம், அது கிடக்க. புலியின் கருப்பை வேறு, யானையின் கருப்பை வேறு. பெண்புலி ஏறக்குறைய மூன்றரை மாதம் சுமந்து, ஓரீற்றில் இரண்டு மூன்று குட்டிகளை ஈனும். இரண்டாண்டளவில் குட்டிகள் பிரிய, மீண்டும் சூல்கொள்ளும். குட்டிகள் இடையில் மடிந்தால் அத்துணைக் காலமும் காத்திராது. மத்தியப் பிரதேசத்துப் பன்னாக் காட்டில் 2009 இல் ஒரு புலியும் எஞ்சவில்லை. பிற காடுகளிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட புலிகள் 2010 ஏப்ரலிலேயே குட்டியீன்றன. இரையும் காவலும் இருந்தால் புலி மீளும்.

யானையோ இருபது, இருபத்திரண்டு மாதம் சுமந்து ஒரே கன்றை ஈனுகின்றது. அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டுகள் செல்லும். பிறந்த பெண்கன்று தாயாகப் பத்தாண்டுக்கு மேலாகும். எனவே தண்டவாளத்திற் சாகும் ஒரு தாயின் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை வேண்டும்.

யானையால் வயலையும் உயிரையும் இழக்கும் படுவான்கரை உழவனிடம் இதைச் சொல்ல நமக்கு வாயில்லை. அவனது ஊரைச் சுற்றி மின்வேலி வேண்டும். அக்கோரிக்கையையும் நாம் கைவிடோம். ஆனால் மின்னேரியாவில் மடியும் யானையால் அவனுடைய ஒரு கதிரும் காக்கப்படுவதில்லை.

2018 இன் பின்னர் வேகத்தைக் குறைக்குமாறு சாரதிகளுக்குக் கட்டளையிடப்பட்டது. அக்கட்டளை இருந்தபடியே இருக்க, 2025 உம் நேர்ந்தது. புகையிரதத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் கூடி, யானை கடக்குமிடங்களில் இருமருங்கும் பற்றைகளை வெட்டி, இரவு நேர அட்டவணையைத் திருத்தி, வண்டிகளின் வேகப் பதிவை மாதந்தோறும் வெளியிட வேண்டும். மட்டக்களப்பாருக்கு இது ஏற்கெனவே நீண்ட பயணந்தான். இன்னும் கால்மணி நேரம் கூடினால் பொறுத்துக்கொள்வோம்.