வெள்ளைத்தாள் காணி ஆகாது



ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்துச் சேர்ந்த சேமலாப நிதி கைக்கு வந்ததும் நம்மில் பலர் தேடுவது டவுனுக்குப் பக்கத்தில் பத்துப் பேர்ச்சஸ் காணி. லயத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஆசை நியாயமானது. ஆனால் "தெரிந்த ஆள்தானே" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசைக் கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய காணி விற்பனை செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்வது இதுதான். அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

உறுதி எழுதிப் பெட்டியில் பூட்டினாலும் போதாது. நாம் பதியாதிருக்க, அதே காணியைப் பிறகு வாங்கியவர் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் அவர் உறுதியே முன்னிற்கும். மோசடி என்று நிரூபிக்க நாம்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

செலவு மிச்சமென்று விற்பவர் காட்டும் நொத்தாரிசுவிடமே போகிறோம். இது தவறு. நமக்கென்று ஒருவரை வைப்போம். முற்பணம் கொடுக்கும் முன்பே 30 வருடப் பதிவேட்டைத் தேடச் சொல்வோம். காணி ஈட்டில் இருக்கிறதா, வேறு பங்காளிகள் உண்டா என்பதை அங்கே பார்க்கலாம். முத்திரை வரிக்கும் காசு ஒதுக்குவோம்: முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம்.

வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய உறுதியில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் உறுதி எழுதும் நொத்தாரிசுமார் இருக்கிறார்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. மலையகப் பதிவகங்களில் தமிழில் பதில் கேட்பது நமது உரிமை. அதற்கான அலுவலர்களை அரசு நியமிக்க வேண்டும்.

காசை எண்ணிக் கொடுக்கும் முன் உங்கள் தோட்டத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.